கடைசிப் பாட்டில் சுவர்மாவு

கோயம்புத்தூர்க்காரர்கள் அடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டு, வேலியோரம் சாப்பிடப் பழகியிருந்தார்கள். ஆபீஸ் போகிற வழியில் இரண்டு கொத்து முருங்கை, மதியத்துக்கு அறுகம்புல், விருந்தென்றால் வாழைச்சருகு. எல்லாம் இலைச்செரியின் புண்ணியம். குடலில் குடிவைத்த அந்தக் கிருமி, இலைதழைகளின் செல்சுவரைக் கட்டிவைத்திருக்கும் சர்க்கரைச் சரடை நறுக்கிச் சத்தாக்கித் தந்துவிடும். இனிப் பசி என்றால் என்னவென்று பிள்ளைகள் அகராதியில்தான் பார்க்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பீற்றிக்கொண்டார்கள்.

அந்தச் சரடைப் புளியங்கொட்டையிலிருந்து பிரித்து, வெள்ளை மாவாக்கி, ஊர் ஊராக ஆய்வகங்களுக்குப் பாட்டிலில் அனுப்புகிறவள் செண்பகவல்லி. சுவர்மாவு என்று அதற்குப் பெயர். இலைச்செரியைக் கண்டுபிடித்த டாக்டர் ஞானப்பிரகாசம் சோதித்ததும் அவளுடைய மாவில்தான். உடம்பை விட்டு வெளியே போனால் கிருமி என்னவாகும் என்று கேட்டார்கள். பாட்டிலில் விட்டுக் காட்டினார். மாவு தீர்ந்தது, கிருமி செத்தது. எல்லோரும் கைதட்டினார்கள், செண்பகவல்லியும் தட்டினாள். வெளியுலகமும் ஒரு பாட்டில் அளவுதான் என்று இத்தனை படித்தவர்கள் நம்பிவிட்டார்கள், வேறென்ன சொல்ல!

சாக்கடை வழியாகக் கிருமி வயலுக்குப் போனது. அங்கே தீனிக்கு என்ன குறை? செடிகள் நனைந்த துணி மாதிரித் துவண்டு விழுந்தன. புளியமரங்கள் பட்டுப்போயின. பச்சை தீர்ந்ததும், வயிற்றுக்குள் இருந்த கிருமி குடலின் உட்தோலைச் சுரண்டத் தொடங்கியது. கிடங்கு அரிசியில் மனிதர்களின் பசி அடங்கியது, கிருமியின் பசி அடங்கவில்லை.

"அம்மா, வகுறு எரியுது" என்று மகள் மதுவந்தி காலையிலிருந்து சுருண்டு கிடந்தாள். செண்பகவல்லியால் வீட்டில் உட்காரவும் முடியவில்லை, ஆய்வகத்தில் நிற்கவும் முடியவில்லை. ஆய்வகக் குளிர்பெட்டியைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். உள்ளே இருந்தது ஒரே ஒரு பாட்டில். கரைத்துக் கொடுத்தால் கிருமி குடலை விட்டுவிட்டு மாவைத் தின்னும், கொஞ்ச நாளைக்கு மகளின் எரிச்சல் அடங்கும்.

அப்போதுதான் ஞானப்பிரகாசம் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"அம்மிணி, முறிமருந்து தயாருங்க. கிருமி சரடை வெட்டாம தடுத்துப்போடும். ஆனா நெசமாலுமே தடுக்குதான்னு பாக்கறதுக்குச் சரடு வேணுமுங்க. எங்கயுமே இல்லீங்க, உங்ககிட்டத்தான்..."

"எம்புள்ளைக்கு வெச்சிருக்கறனுங்க."

"ஒரு புள்ளைக்குக் கொஞ்ச நாள். மருந்து பலிச்சா எல்லாப் புள்ளைக்கும் காலம் பூராவும்."

"பலிக்கலீன்னா?"

அவர் பாட்டிலுக்காகக் கையை நீட்டினார். சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மகளை நினைத்தாள். மகளோடு படிக்கிற பிள்ளைகளையும் நினைத்தாள். பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"சீக்கிரம் போங்க. மனசு மாறறதுக்குள்ள போயிருங்க."

போனார். ஆனால் கார் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. அவள் காது கொடுத்துப் பார்த்தாள், பிறகு பொறுக்க முடியாமல் வெளியே ஓடினாள்.

கார்க் கதவு திறந்து கிடந்தது. முறிமருந்துக் குப்பி மூடி திறக்காமல் அவர் மடியில் இருந்தது. சுவர்மாவுப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஞானப்பிரகாசம் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். வழவழவென்ற கஞ்சி தாடையில் வழிந்தது.

அவளைக் கண்டதும் நிறுத்தினார். கண்கள் கலங்கியிருந்தன. "நானில்லீங்க அம்மிணி. உள்ள இருக்கறதுதான் குடிச்சுப்போடுச்சு." பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அடியில ஒட்டியிருக்கறதே போதுமுங்க. இப்பவே சோதிச்சுப்போடலாம்."

செண்பகவல்லி பாட்டிலைப் பிடுங்கினாள். அடியில் ஒட்டியிருந்ததில் தண்ணீர் விட்டுக் குலுக்கினாள். ஒரு சொட்டும் சிந்தாமல் மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.