நாலாம் குரலின் இடம்

பக்கத்தின் அடியில் அந்த இடைவெளி மறுபடியும் வந்திருந்தது.

யூஜீனியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை ஓரத்தால் துடைத்து, போட்டுக்கொண்டு லப்டொப் திரையைப் பார்த்தாள். சொப்ரானோ, ஓல்டோ, டெனர். மூன்று குரல்களுக்கு, சுரம் எழுதுகிற ஐங்கோடுகள் மூன்று வரிசை. டெனருக்குக் கீழே பாட்டின் அடுத்த அடி உடனே தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. நடுவில், வரப்போகிற ஒருவருக்குக் கதிரை போட்டு வைத்ததுபோல, ஓர் இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

அது எழுத்தால் இசை எழுதுகிற மென்பொருள். சுரங்களைச் சுட்டியால் இழுத்து வைக்க முடியாது. சுரத்துக்கு ஓர் எழுத்து, அதன் நீளத்துக்கு ஓர் எண், பாட்டுச் சொற்களுக்கு அசை அசையாகப் பிரித்த கோடு. எல்லாவற்றையும் கடிதம் மாதிரித் தட்டெழுதிக் கொடுத்தால் பக்கத்தை அதுவே அமைத்துத் தரும். ஒரு சுரம் கீழே இறங்கினால், அது முட்டாதபடி அடுத்த வரிசையைத் தள்ளி வைக்கும். ஒன்றும் இல்லாத இடத்தில் இடம் விடாது. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்துக்கொண்டு, மாதா கோவிலில் கீபோர்ட் வாசித்துக்கொண்டு, ஏழெட்டு வருடமாக அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டியதில் அவளுக்கு இந்தக் குணம் நன்றாகத் தெரியும்.

காலையில் இடைவெளிக்குக் காரணம் இருந்தது. நாலாவது குரலான பேஸை, ஆக அடியில் ஒலிக்கிற ஆண் குரலை, அவள் அழிக்கவில்லை, மறைத்து மட்டும் வைத்திருந்தாள். மறைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மென்பொருள் அதற்கான இடத்தை விட்டுத்தான் வைக்கும். அழிக்கக் கை வராததற்கும் காரணம் இருந்தது. பாட்டுக் கோப்பில் ஒவ்வொரு குரலுக்கும் அதைப் பாடுகிறவரின் பெயரையே அவள் வைத்திருந்தாள். பேஸின் பெயர் அல்பிரட். அவளுடைய தம்பி.

சண்டை ஓய்ந்து, கடலில் இரவு மீன்பிடித் தொழிலுக்குத் தடை நீங்கிய பிறகு, தயங்காமல் முதலில் வள்ளம் இறக்கியவர்களில் அவன் ஒருவன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியலில் வள்ளம் மட்டும் வந்தது. எஞ்சின் ஓடியபடியே, ஆளில்லாமல், மணலில் ஏறி நின்றது.

அந்தக் கரையில், உடல் கிடைக்காதவர்களுக்கு ஒரு பூசை உண்டு. போனவருடைய குரலை அன்றைக்கு யாரும் பாட மாட்டார்கள். வரிசையில் அவர் நிற்கிற இடத்தையும் விட்டு நிற்பார்கள். அவர் வந்து, காலியாக இருக்கிற தன் இடத்தைப் பார்த்து, தான் இல்லை என்பதை விளங்கிக்கொண்டு போய்விடுவார் என்பது நம்பிக்கை. அந்தப் பூசை முடிந்தால்தான் அவருடைய மனைவியை ஊர் விதவை என்று ஏற்கும். விதவையானால்தான் அவள் இன்னொருவருக்கு மனைவியாக முடியும். அல்பிரட்டின் மனைவி ஷானிகாவைச் சிலாபத்து றொகான் கலியாணம் கேட்டு ஒரு வருடமாகிறது. பூசை நாளைக் காலை. இன்று பின்னேரம் ஒத்திகை. அதற்கு முன் பாட்டுத் தாள்கள் வேண்டும்.

மத்தியானம் பாடகர் குழுத் தலைவர் லோறன்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை, பாட்டு வருமா? இல்லாட்டி என்ட பூசைக்குத்தான் தரப்போறியா?"

யூஜீனியா இடைவெளியைப் பற்றிச் சொன்னாள். அவருடைய சிரிப்பு நின்றது.

"அவன்ட குரலை மறைச்சியா, அழிச்சியா?"

"மறைச்சன், அண்ணன்."

"அழி. நிக்கிற இடம்தான் விடுறது. கடதாசியில அவனுக்கு இடம் இருக்கக் கூடாது பிள்ளை. இருந்தா, தன்ட பங்கு இன்னும் இருக்கெண்டு நினைச்சிருவான்."

அவள் அழித்தாள். அல்பிரட் என்ற பெயரும் அதன் அடைப்புக்குறிக்குள் இருந்த சுரங்களும் சொற்களும் போயின. போன இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்தை மறுபடி அமைக்கச் சொன்னாள். பிழை எதுவும் இல்லை என்றது மென்பொருள்.

இடைவெளி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்து பார்க்காதது இல்லை. வரிசைகளுக்கு நடுவிலான தூரத்தைக் குறைத்தாள். தாளின் அளவை மாற்றினாள். வெறுமையான வரிசைகளை நீக்கு என்று கட்டளை கொடுத்தாள். மூன்று குரல்களையும் புதிய கோப்பில் முதலிலிருந்து தட்டெழுதினாள். முதுகு வலித்தது. கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல் உறுத்தியது. வெளியே சோளகக் காற்று தென்னோலைகளைப் போட்டு அடிக்க, வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்ற காற்றாலைகள் ஊஷ்… ஊஷ்… என்று, படுத்திருக்கிற பெரிய மிருகம் ஒன்றின் மூச்சைப்போல விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு அவர்கள் பழகி நாளாகிவிட்டது.

ஷானிகா பிளேன் டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் கையில், நாளைக்கு உடுக்கவேண்டிய வெள்ளைச் சேலையை அழுத்திய சூட்டு மணம் இருந்தது. மேசையோரத்தில் சாய்ந்து நின்றாள்.

"மச்சாள், நாளையோட முடிஞ்சிரும் தானே?"

"ஓம். முடிஞ்சிரும்."

"எனக்கு அழுகை வரேல்ல. நித்திரைதான் வருது. அது பிழையா?"

பிழையில்லை என்று யூஜீனியா சொன்னாள். இரண்டு வருடமாக ஷானிகா முன்கதவைப் பூட்டாமல்தான் படுத்தாள். வருகிறவன் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று. நாளை இரவு பூட்டலாம். அதைச் செய்து கொடுக்க வேண்டியது இந்த மூன்று பக்கங்கள்தான்.

ஷானிகா போன பிறகு, யூஜீனியா பக்கங்களை அடுத்தடுத்து ஓடவிட்டாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை.

முதல் பக்கத்தில் ஒரு விரல் அகலம். இரண்டாம் பக்கத்தில் இரண்டு விரல். மூன்றாவதில் உள்ளங்கையே வைக்கலாம். கீழே இறங்குகிற ஒரு மெட்டுக்கு மென்பொருள் எப்படி இடம் விடுமோ அப்படி. அல்பிரட்டின் பங்கு அவளுக்கு மனப்பாடம். அது இவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. எந்த மனிதக் குரலும் இறங்காது.

கடைசி வழி ஒன்று இருந்தது. அங்கே என்ன இருந்தாலும் கவலைப்படாதே, இவ்வளவுதான் தூரம் என்று அடித்துச் சொல்லும் கட்டளை. கொடுத்தாள். இடைவெளி மூடியது. ஆனால் டெனரின் சொற்கள் நசுங்கின. 'கரை சேர்த்தருளும்' என்ற அடியில் 'க' ஓரிடத்திலும் 'ரை' வேறோரிடத்திலும் விலகிப்போய் நின்றன. இரண்டுக்கும் நடுவில் எதுவோ தோளைக் கொடுத்து நுழைந்ததுபோல.

அவள் கை விசைப்பலகையை விட்டு எழுந்துவிட்டது.

அந்த இடம் அவளுக்குத் தெரியும். அல்பிரட் மூச்செடுக்கிற இடம் அது. சொல்லின் நடுவில் மூச்செடுக்காதே என்று எத்தனை ஒத்திகையில் திட்டியிருப்பாள். "கரையை உடைக்காதடா" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். "கரை எவ்வளவு தூரமெண்டு உனக்கென்ன தெரியும் அக்கா? நடுவில ஒருக்கா மூச்செடுத்தாத்தான் வந்து சேரலாம்" என்பான் அவன்.

கட்டளையை நீக்கினாள். இடைவெளி திரும்பி வந்தது. கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

பக்கத்தில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பெட்டி போட்டுக் காட்டச் சொல்லலாம். பிழை தேடுவதற்கான வசதி அது. அதையும் செய்தாள். ஒவ்வொரு சுரத்தையும் ஒவ்வொரு அசையையும் சுற்றிச் சிவப்புக் கோட்டில் பெட்டிகள் எழுந்தன. வெள்ளை இடத்திலும் எழுந்தன. உள்ளே ஒன்றுமில்லாத பெட்டிகள். படிபோலக் கீழே கீழே இறங்கின. நடுவில், 'க'வுக்குப் பிறகு, மூச்சுக்குறி அளவில் சின்னதாக ஒரு பெட்டி.

அடுத்த அடியிலும் ஒன்று.

அதற்கடுத்ததில் இரண்டு. மூன்றாம் பக்கத்தில் பெட்டிகள் நெருங்கி நெருங்கி வந்தன. மூச்சு. மூச்சு. மூச்சு. பாடுகிறவன் எடுக்கிற மூச்சல்ல அது.

அறைக்குள் பெற்றோல் மணந்தது. பெற்றோலும், வெயிலில் காய்கிற பாசியும். காற்றாலைகள் ஊஷ்… ஊஷ்… என்றன. அவள் ஜன்னலைச் சாத்த எழுந்தாள்.

காற்று விழுந்திருந்தது. ஓலைகள் அசையவில்லை. வெள்ளைத் தூண்களின் உச்சியில் இறக்கைகள் நின்றுபோய் இருந்தன. எல்லாமே.

ஊஷ்…

அவள் லப்டொப்பை மூடினாள். சத்தம் நின்றது.

இனி முடியாது என்று பட்டது. பயத்தைவிடக் களைப்புத்தான் பெரிதாக இருந்தது. லோறன்ஸிடம் சொன்னால் பூசையைத் தள்ளிப்போடுவார். தள்ளினால் ஷானிகா மறுபடி கதவைத் திறந்து போட்டுப் படுப்பாள். வெள்ளையில் ஒன்றும் இல்லை, அது வெறும் வெள்ளை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, பெட்டிகளை மட்டும் நீக்கி, கோப்பை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு சந்திக்கு நடந்தாள்.

சந்தியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த றஸீன் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தவன். முதல் பிரதி வெளியே வந்ததும் தூக்கிப் பார்த்தான்.

"மிஸ், இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே. யாருக்காச்சும் புக் பண்ணி வச்சிருக்கீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. அவன் அடுத்த தாளை எடுத்தான். வெள்ளை இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ படர்ந்திருந்தது. மெஷின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடியும் வந்தது. விரலால் தொட்டான். விரலை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு மிச்சத்தை அடித்து, தாள்களை ஓரத்தில் பிடித்து நீட்டினான்.

"தாள் ஈரமாயிருக்கு மிஸ்" என்றான். "புதுக் கட்டு. இப்பத்தான் உடைச்சேன்."

கோவிலில் பாடகர்கள் வந்துவிட்டிருந்தார்கள். மேற்கு ஜன்னல்களில் கடைசி வெயில் சிவந்து கிடந்தது. லோறன்ஸ் தாளை வாங்கிப் புரட்டினார். கீழ்ப்பாதியில் அவருடைய கண் நின்றது. யூஜீனியாவைப் பார்த்தார். அவள் கீபோர்டில் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் வரிசைக்கு வந்துவிட்டதால் அவர் தன் இடத்துக்குப் போய் நின்றார்.

வழமைப்படி பேஸின் இடத்தை விட்டு நின்றார்கள். ஓர் ஆள் நிற்கக்கூடிய அகலம். அதற்கு இந்தப் பக்கம் ஷானிகா. போனவரின் மனைவிதான் அந்த இடத்தை ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் பக்கம் டெனர்கள்.

யூஜீனியா வாசிக்கத் தொடங்கினாள்.

முதல் அடி நன்றாகவே வந்தது. மூன்று குரல்கள். அடிக்குரல் இல்லாமல், கொஞ்சம் அந்தரத்தில் தொங்குகிற பாட்டு. இரண்டாம் அடியில் 'கரை' வந்தது. 'க'வுக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். தாளில் அப்படி இல்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நின்றார்கள். அந்த நிறுத்தத்துக்குள் யாரோ மூச்செடுத்தார்.

பிறகு 'ரை' என்று தொடர்ந்தார்கள்.

லோறன்ஸின் கை காற்றில் அப்படியே நின்றது. அவர் வரிசையைப் பார்த்தார். யூஜீனியாவும் பார்த்தாள்.

டெனர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். பாடிக்கொண்டே. கண் தாளில். தாங்கள் நகர்ந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. பாட்டின் அடுத்த வரியில் இன்னோர் அடி தள்ளி. நெரிசலில் ஒருவருக்கு வழிவிடுகிற மாதிரி, தோளைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு. ஓல்டோக்காரிகளும் பின்னால் போனார்கள். தாளில் அகன்றதுபோலவே இடம் அகன்றது. ஒரு விரல். இரண்டு விரல். உள்ளங்கை.

முட்டாதபடி.

பெற்றோல் மணம். பாசி மணம்.

அவள் வாசிப்பதை நிறுத்தினாள். விரல்களை எடுத்துவிட்டாள். பாட்டு நிற்கவில்லை. அடியில் ஏதோ தாங்கிக்கொண்டிருந்தது. மரத்தரை அதிர்ந்தது. அவ்வளவு ஆழம்.

ஷானிகா மட்டும் நகரவில்லை.

ஒத்திகைக்கு அல்பிரட் ஒருநாளும் தன் தாளைக் கொண்டுவந்ததில்லை. மனைவியுடையதைப் பார்த்துத்தான் பாடுவான். அவன் உயரம். அதனால் அவள் தாளைக் கொஞ்சம் தூக்கி, அவன் பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பாள்.

இப்போதும் தூக்கிப் பிடித்திருந்தாள். சாய்த்து. கண்கள் பாதி மூடி, நித்திரையில் பாடுகிறவளைப் போல.

தாளின் மறு ஓரத்தை எதுவோ பிடித்திருந்தது. பெருவிரல் பதிகிற இடத்தில் கடதாசி பள்ளமாக அழுந்தி, அங்கிருந்து ஈரம் மெல்ல மெல்ல வெள்ளைக்குள் பரவி, ஷானிகாவின் விரல்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.