கூடப்பிறந்த கை

கடைவாசலில் கால் வைத்ததுமே அந்த வாசனை வந்தது. ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்த கம்பளியின் ஆவி, தையல் மெஷின் எண்ணெய், துணியில் கோடு போடும் சாக்பீஸின் தூசி. அவளுக்கு அது அப்பாவின் வாசனை.

முன்னால் தையல் கடை, பின்னால் வீடு. சமையலறை ஓரமாக ஒரு குறுகலான படி மேலே ஏறும். அங்கே ஒரே ஒரு அறை, எப்போதும் பூட்டு. பழைய துணி மூட்டைகள் கிடக்கின்றன என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாலு மாதக் கர்ப்பம். "அப்பாவுக்குக் கை சரியில்ல, வந்து பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள். அதனால்தான் இந்தப் பயணம்.

"வா பாப்பா. ரெண்டு பேரா வந்துட்டு ஒரு டிக்கெட்தான் எடுத்தியாக்கும்?" என்று சிரித்தார் அப்பா, அந்தக் கடையின் தையற்காரர்.

வெட்டுமேசையில் ஒரு கோட்டுத் துணி விரிந்து கிடந்தது. வலது கையில் கத்தரி ஒரே ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெட்டுக்காகவே தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அவள் பார்த்தது இடது கையை. துணிமேல் கிடந்த அந்தக் கையின் விரல்கள் ஒவ்வொன்றாக எழும்பின, வளைந்தன, பக்கவாட்டில் நெளிந்தன. வயதானவர்களின் நடுக்கம் அவளுக்குத் தெரியும். இது நடுக்கம் இல்லை. இருட்டில் எதையோ தேடித் துழாவுகிற கை மாதிரி இருந்தது.

அவள் பார்ப்பதை அவர் கவனித்தார். கத்தரியை வைத்துவிட்டு வலது கையால் இடது கையை அழுத்திப் பிடித்தார். விருந்தாளிகள் முன்னால் அடம்பிடிக்கும் குழந்தையை அடக்குவதுபோல.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்தார். சற்று நேரத்தில் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

அவர் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். உடம்பு மட்டும் தூங்கவில்லை. தோள் சுழன்றது. கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பியது. வாய் எதையோ மென்றது. இரண்டு குதிகால்களும் கட்டில் பலகையில் அடித்தன. தட், தட்தட், தட்.

அம்மா வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"மழைக்கு முன்னாடிலேர்ந்து. முழிச்சிருந்தா அந்தக் கை மட்டும்தான். தூங்கினா..." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "தூங்கினா மொத்தமா வந்துடறா."

"யாரு?"

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

*

நரம்பு டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். தூங்கும்போது நடப்பதை அவள் விவரித்தபோது டாக்டரின் புருவம் சுருங்கியது.

"விசித்திரமா இருக்கே. இந்த மாதிரி அசைவு தூக்கத்துல அடங்கணும். இவருக்கு தலைகீழா இருக்கு." பிறகு தையற்காரரைப் பார்த்தார். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துதா?"

"யாருக்கும் இல்ல டாக்டர்."

"அம்மா, அப்பா?"

"அம்மா நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாங்க. எதுனாலன்னு தெரியாது."

"கூடப்பிறந்தவங்க?"

"கூடப்பிறந்தவங்களே கிடையாது. நான் ஒண்டிதான்."

இடது கை மேலே எழுந்தது.

அவர் வாயிலேயே பளீரென்று அறைந்தது.

உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கை ஒன்றும் தெரியாததுபோல மடியில் போய் விழுந்தது.

"ஒரு அக்கா இருந்தாங்க," என்றாள் கூட வந்திருந்த அம்மா. கணவரைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள். "அவங்களுக்கும் இதேதான்."

தனக்கு ஒரு அத்தை இருந்ததே மகளுக்கு அப்போதுதான் தெரியும்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மரபணுவில் ஓரிடத்தில் வரும் பிழை. மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். உடம்பு தானாக ஆடும், விழுங்க முடியாது, எவ்வளவு சாப்பிட்டாலும் இளைக்கும், கடைசியில் பேச்சும் போகும். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"அப்ப எனக்கு? என் குழந்தைக்கு?"

"உங்க அப்பாவுக்கு இருந்தாத்தான் உங்களுக்கு வரலாம். ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிச்செல்லாம் வராது. ரெண்டு பேர் ரத்தத்தையும் சோதிச்சிடலாம்."

ஊசி ஏறும்போது அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

*

வீட்டுக்கு வந்ததும் அப்பா கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

அந்த அக்காதான் அவரை வளர்த்தவள், கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். கடையே அவள் ஆரம்பித்தது. அவளுக்குக் கை ஆட ஆரம்பித்ததும் வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தம்பி அவளை மாடியறைக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் அந்த அறைக்குப் பூட்டு வந்தது. அக்கா வெளியூர் போய்விட்டாள் என்று ஊரில் பேச்சு. குடும்பத்தில் இப்படி ஒரு நோய் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்?

"எங்க வீட்லேர்ந்து மாப்பிள்ளை பார்க்க வந்தோம். நானும் கூட வந்தேன். இதோ இந்தக் கூடத்துலதான் உட்கார்ந்தோம். மேல சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"குதிகால் பலகையில அடிக்கிற சத்தம். எங்க அப்பா என்னன்னு கேட்டாரு. 'பூனை மாமா, எலியைத் துரத்துது'ன்னு உங்கப்பா சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சோம்." அம்மா மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. நிக்கறதுக்கு முன்னாடி வேகமா அடிச்சுது பாப்பா. ரொம்ப வேகமா. நின்னதும் உங்கப்பா முகத்தைப் பார்த்தேன். நெஞ்சுலேர்ந்து பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு."

"என்னம்மா பண்ணியிருந்தாரு?"

"கல்யாணத்துக்கு அப்புறம் தூக்கத்துல உளறினாரு. 'அக்கா சத்தம் போடாம இருக்க வாயில துணி வச்சேன், கையைக் கட்டில்ல கட்டினேன், மூச்சு முட்டும்னு தெரியாது'ன்னு. நீ அப்ப வயித்துல இருந்த. நான் எங்க போவேன்?"

தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது. கடைக்கதவுக்குப் பின்னால் அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

*

சோதனை முடிவு வரும்வரை அவள் அங்கேயே தங்கினாள்.

ஒரு காலையில் அப்பாவின் மணிக்கட்டுகளில் சிவந்த பட்டைகள் தெரிந்தன. பக்கத்தில் போய்ப் பார்த்தாள். தோலில் நெசவு பதிந்திருந்தது. இழையிழையாக, துணியின் கரை அழுந்திய தடம்.

அவர் தட்டுத் தட்டாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் புரையேறியது. சட்டைக்குள் உடம்பு கரைந்துகொண்டே வந்தது. "எனக்குப் பசியே இல்ல பாப்பா," என்று கிசுகிசுத்தார் ஒருநாள். "அவளுக்குத்தான் பசி. அடங்கவே மாட்டேங்குது."

பட்டப்பகல். கடையில் அவர் அவள் கண்முன்னால் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு காலும் தரையில் ஊன்றியிருந்தன.

மேலே பலகையில் குதிகால் அடித்தது.

தட். தட்தட்.

அவர் தலை நிமிரவில்லை. ஊசி விரலில் குத்தியதும் அவருக்குத் தெரியவில்லை.

*

"நல்ல செய்தி," என்றார் டாக்டர். "உங்களுக்கு இல்ல. உங்க அப்பாவுக்கும் இல்ல. சுத்தமா இருக்கு. குழந்தையைப் பத்தியும் கவலையே வேண்டாம்."

அவள் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அத்தனை நாள் அடக்கியது அத்தனையும் வந்தது. அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வெளுத்துச் சாம்பலாகியிருந்தது.

"இல்லியா?" என்றார். "நல்லாப் பாருங்க டாக்டர். இருக்கும். இருந்தே ஆகணும்."

"இல்லேன்னா சந்தோஷப்படணும் சார். அசைவுக்கு வேற காரணம் தேடலாம்."

"நோயா இருந்தா பரவாயில்லியே!" மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "நோய்னே எழுதிக் குடுத்துடுங்க டாக்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இடது கை மெதுவாக எழுந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தது. தோளுக்கு மேலாக அவ்வளவு தூரம் வளைந்து முதுகைத் தொட ஒரு மனிதக் கையால் முடியாது.

*

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாமனாரும் மாமியாரும் மருமகளைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் தெருமுனையில் இறங்குவதற்குள் அப்பா படியேறினார். இதற்குள் அவர் விழித்திருக்கும்போதே கழுத்தும் தோளும் ஆட ஆரம்பித்திருந்தன.

"சம்பந்தி முன்னாடி இப்படி நிக்க முடியாது. வெளிய பூட்டிடு," என்றார் அம்மாவிடம். "அவங்க போனதும் திற. வெளியூர் போயிருக்கேன்னு சொல்லிடு."

அம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பூட்டினாள்.

மகள் அப்போது வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தாள். அப்பா கடைச்சாமான் வாங்க வெளியூர் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னதை அவளும் நம்பினாள். டீ வந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு யார் ஜாடை என்று மாமனாரும் மாமியாரும் செல்லமாகச் சண்டை போட்டார்கள். "மூக்கு மட்டும் உங்களை மாதிரி வராம இருந்தா சரி" என்றாள் மாமியார்.

தட்.

தட்தட். தட்.

மாமனார் கோப்பையைக் கீழே வைத்தார். "மேல என்னம்மா சத்தம்?"

அம்மா சிரித்தாள்.

"பூனை. எலியைத் துரத்துது."

அது அம்மாவின் சிரிப்பு இல்லை. அப்படி ஒரு சிரிப்பை அவள் அந்த வீட்டில் கேட்டதே இல்லை.

மேலே சத்தம் வேகமானது. ரொம்ப வேகமானது.

நின்றது.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் ஓடினாள். சாவி பூட்டிலேயே தொங்கியது. கதவு திறந்ததும் அடைபட்ட காற்று முகத்தில் அறைந்தது. ஆண்டுக்கணக்கான வியர்வை, மூத்திரம், புளித்த எச்சில். மூட்டை எதுவும் இல்லை. ஒரே ஒரு கட்டில்.

அப்பா அதில் மல்லாந்து கிடந்தார். இரண்டு மணிக்கட்டுகளும் கரைத்துணியால் கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தன. வாய்க்குள் துணி. கண்கள் பிதுங்கி நின்றன.

அவள் வாயிலிருந்து துணியை உருவினாள். உருவ உருவ வந்தது. கடைசிமுனை வெளிவந்ததும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது. நீரில் மூழ்கியவன் மேலே வந்ததுபோல மூச்சை இழுத்தார்.

"யாருப்பா கட்டினது? அப்பா, யாரு?"

அவர் வாயைத் திறந்தார். மென்றார். வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு ஒருபோதும் வரவில்லை.

"நான் பூட்டு மட்டும்தான் போட்டேன்," என்றாள் வாசலில் நின்ற அம்மா. முகம் வெளிறியிருந்தது. "அந்த வார்த்தை... நான் சொல்ல நினைக்கல பாப்பா. தானா வந்துடுச்சு."

*

அவள் அந்த மாடியறைக் கதவைக் கழற்றி எறியச் சொன்னாள். அப்பாவைக் கடையின் முன்பக்கம், கண்ணாடிக்குப் பக்கத்தில், தெரு முழுக்கப் பார்க்கும்படி நாற்காலியில் உட்காரவைத்தாள். இனி இந்த வீட்டில் யாரையும் ஒளித்துவைக்கப் போவதில்லை என்று மாமியாரிடமும் சொன்னாள், அத்தையின் கதையோடு சேர்த்து. மாமியார், "பாவி," என்றாள். யாரை என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

அவர் இப்போது பகல் முழுக்க ஆடினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கண்கள் மட்டும் ஆடாமல், அந்த உடம்புக்குள்ளிருந்து வெளியே வர வழி கேட்பதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்தன.

"முதல் சோதனையில ஏதோ தப்பு நடந்திருக்கு," என்றார் டாக்டர். "இது அந்த நோய்தான், சந்தேகமே இல்ல. மறுபடி ரத்தம் அனுப்புங்க."

இந்த முறை அவளே எடுத்தாள். அவர் கையில் அவளே ஊசி ஏற்றினாள், குழாயில் அவளே பெயர் ஒட்டினாள், பெட்டியை அவளே சீல் வைத்தாள்.

ஒரு பிற்பகலில் அவள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மரபணுக் கூடத்திலிருந்து ஒரு பெண்.

"மேடம், மாதிரியை மாத்தி அனுப்பிட்டீங்களா?"

"இல்லியே. நானே எடுத்தது."

"நோய் இருக்கு. ஆனா..." அந்தக் குரல் தயங்கியது. "ஆம்பளைன்னு எழுதியிருக்கீங்க. இது ஆம்பளை ரத்தமே இல்ல. ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டோம். உங்க அப்பாவோட பழைய ரிப்போர்ட்டோடயும் சேர்த்துப் பார்த்தோம். ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்க. யாருங்க இந்த அம்மா?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

நாற்காலியில் இருந்த உடம்பு அசைவை நிறுத்தியிருந்தது. இடது கை நிதானமாக நீண்டு வந்து அவள் வயிற்றின்மேல் படிந்தது. உள்ளே குழந்தை ஒருமுறை உதைத்தது. அந்தக் கை கொஞ்சமும் நடுங்காமல், வெதுவெதுப்பாக, அங்கேயே இருந்தது.