பத்துக் கோளாறு, ஒரே நட்டு

போன் அலறியது.

ஏற்காடு மலைச்சாலையின் அடிவாரம். கொண்டப்பநாயக்கன்பட்டி. சாலையோரத்தில் சந்தோஷ்குமாரின் கார், குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதறிக்கொண்டு நின்றது.

"எங்கடா இருக்க?"

சந்திரசேகரின் குரல்!

"அடிவாரத்துலீங்க... இஞ்சின் இழுக்க மாட்டேங்குது. வேற வண்டி புடிச்சு வந்தர்றனுங்க..."

"உன் கார்லதான் வரணும். நீயும் உன் பொண்டாட்டியும் மட்டும். பொண்ணைக் கூட்டிக்கிட்டு இறங்கிப் போயிடலாம். இருட்டினா... அவளத் தேடி வராத."

துண்டித்துவிட்டான்.

பக்கத்து இருக்கையில் மனைவி மோகனப்பிரியா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே அழுதாள். அரை நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் யுவஸ்ரீயைத்தான் தூக்கியிருந்தான்.

காரணம், அவன் மேல் இருந்த ஒரு கொலை வழக்கு. ஆத்தூரில் சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் சந்திரசேகரின் கூட்டாளி, காரோடு மலையிலிருந்து உருண்டு செத்தான். நொறுங்கிய அந்தக் காரில் பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் கத்தியால் அறுக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தவன், அஸ்தம்பட்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சந்தோஷ்குமார்.

நாளை கோர்ட்டில் சாட்சி!

சந்தோஷ்குமார் காரின் கோளாறுகளைக் காட்டும் ஸ்கேனரைச் செருகினான்.

திரை நிறையக் கோளாறுகள்! நாலு சிலிண்டரிலும் மிஸ்ஃபயர். த்ராட்டில். ஆக்ஸிஜன் சென்சார். ஏர் சென்சார். வோல்டேஜ் கம்மி...

"பத்துக் கோளாறு, பிரியா. ஒவ்வொண்ணாப் பாத்தா விடிஞ்சுரும்."

மேற்கே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். பத்தும் ஒரே நாளில் கெடுமா? கெடாது. பத்துக்கும் பொதுவானது எது?

எர்த்! எல்லா மின்சாரமும் திரும்பிப் போகும் வழி.

பானெட்டைத் தூக்கினான். இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயரைத் தொட்டதும் அது ஆடியது. நட்டு முழுக்கக் கழற்றப்பட்டு, அதே போல்ட்டில் இரண்டே சுற்று மாட்டி விடப்பட்டிருந்தது.

அவன் முகம் இறுகியது.

"செங்கோடன்!"

"யாரு... நாம வேலைய விட்டு நிறுத்துன பையனா?"

"கழட்டுன நட்ட அதே போல்ட்டுல ரெண்டு சுத்து மாட்டி வெக்கறது லாரிப் பட்டறைப் பழக்கம். எங்கிட்ட இருந்தவங்கள்ல அங்க தொழில் கத்தவன் அவன் ஒருத்தன்தான். ஸ்பேனர் செட்டுத் திருடுனான்னு தொரத்துனதுக்குப் பழி வாங்கிட்டான், பாவி. சந்திரசேகருக்குக் கையாள்!"

நட்டை முறுக்கினான். சாவியைத் திருப்பினான்.

இஞ்சின் பூனை போல உறுமியது. உதறல் இல்லை. கியரைப் போட்டான்.

"இருங்க!" மோகனப்பிரியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, கெடுக்க வந்தவன் நட்டு தொலஞ்சுரக்கூடாதுன்னு பத்தரமா மாட்டி வெச்சுட்டுப் போவானா?"

அவனுக்குச் சுரீர் என்றது. 'உன் கார்லதான் வரணும்' என்று சந்திரசேகர் அடித்துச் சொன்னது ஏன்?

இறங்கினான். முன் சக்கரத்தின் பின்னால் கையை விட்டு, பிரேக் ஹோஸைத் தடவினான்.

விரல் நின்றது.

கத்திக் கீறல்! பாதி ஆழத்துக்கு. ஏறும்போது தாங்கும். மகளை ஏற்றிக்கொண்டு, இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஓங்கி மிதித்தால்... மூன்று பேரும் பாதாளம்.

சாட்சியும் இல்லை, வாரிசும் இல்லை.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஏறினாலும் சாவு. ஏறாவிட்டால் யுவஸ்ரீ...

போன் மறுபடியும் அலறியது.

சந்திரசேகரின் எண்!

"ஐயா... எம்புள்ளைய ஒண்ணும் பண்ணிராதீங்க. சாட்சி சொல்ல மாட்டனுங்க..."

"அண்ணா, நாந்தானுங்க... செங்கோடன்."

சந்தோஷ்குமாரின் ரத்தம் கொதித்தது. "நீயும் கூட்டாடா?"

"ஐயோ, மலையேறீட்டீங்களா? ஏறாதீங்கண்ணா! பிரேக்கப் பாருங்க!"

மூச்சு வாங்க அவன் சொன்னதன் சுருக்கம் இது. மத்தியானம் வேலை கேட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கிறான். ஆள் இல்லை. எல்லோரும் யுவஸ்ரீயைத் தேடி அலைந்துகொண்டிருந்த நேரம். காருக்கடியிலிருந்து சந்திரசேகர் கத்தியோடு ஊர்ந்து வெளியே வந்ததையும், அவனுடைய வேனுக்குள் யுவஸ்ரீ அழுததையும் பார்த்துவிட்டான். வேன் கிளம்பிவிட்டது. கார் தூரம் போகாதபடி எர்த்தைத் தளர்த்திவிட்டு, பைக்கில் வேனைத் துரத்தி ஏற்காடு வரை போயிருக்கிறான்.

"பாப்பா எங்கூடத்தானுங்க இருக்குது. போலீஸ் வந்துட்டிருக்குது. அந்தாள ஜாக்கி லிவர்ல தட்டிக் கட்டிப் போட்டிருக்கறனுங்க. சாமி சத்தியமா, மெதுவாத்தான் தட்டுனேன்."

போனில் மகளின் "அப்பா" கேட்டது. மோகனப்பிரியா போனைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். விம்மல் அடங்கியதும் கேட்டாள்: "உன்னத் திருடன்னு தொரத்துனமே சாமி. எங்களுக்காக ஏன் இத்தன பாடுபட்ட?"

"அண்ணன் தொரத்துன அன்னிக்கும், நீங்க கூப்புட்டு ஒக்கார வெச்சுச் சோறு போட்டுத்தானுங்கக்கா அனுப்புனீங்க."

சந்தோஷ்குமார் தலை குனிந்தான். போனை வாங்கினான்.

"என்னை மன்னிச்சுருடா. ஆனா... முன்னாடியே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா?"

"வழி நெடுகப் பண்ணுனனுங்க. நீங்கதான் என் நம்பர பிளாக் பண்ணி வெச்சிருக்கறீங்களே... மொதல்ல அத எடுத்து உடுங்கண்ணா. இந்தாளு முழிச்சா, அவரு போனத் திருடிட்டேன்னு இன்னொரு பழி வந்துரும்!"