பதினாலு மியூசியத்தில் ஒரு பிணம்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

சென்னையை ஒட்டிய நூம்பல். மூன்றாவது மாடி ஃப்ளாட். காலை பதினொரு மணி.

ராஜகுமாரியின் செல்போன் அலறியது. அவள் குளியலறையில். கணவர் எத்திராஜ் எடுத்தார்.

"அம்மா... இப்பதான் தெரிஞ்சுது..." குரல் தழுதழுத்தது. கேலரி பார்த்தசாரதி. எத்திராஜின் ஓவியங்களை விற்றுத் தருபவர். "எப்ப எடுக்கறீங்க?"

"எதை?"

"பாடியைத்தாம்மா. நம்ம எத்திராஜ் சாரை..."

"யோவ், நான்தான்யா எத்திராஜ்."

மறுமுனையில் ஏதோ விழுந்து உடையும் சத்தம். லைன் கட்!

க்ரைம் கதை என்றால் முதல் பக்கத்தில் பிணம் விழ வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு வாய்த்த பிணம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறது. நான் என்ன செய்ய?

எத்திராஜ் லேப்டாப்பைத் திறந்தார்.

அன்று மாலை நம் நேரப்படி ஐந்து மணிக்கு ஐரோப்பாவில் ஒரு பெரிய மியூசியம் அவருக்கு விருது அறிவிப்பதாக இருந்தது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பெண்களை வரைந்த ஓவியர் என்று உலகமே பேசப் போகிறது. ஒரே ஒரு நிபந்தனை... ஓவியர் உயிரோடு இருக்க வேண்டும்.

மெயில் வந்திருந்தது. ஆழ்ந்த இரங்கல். விருது ரத்து!

'ஐயா, நான் சாகவில்லை' என்று பதில் எழுதினார். உடனே மறுமொழி வந்தது. அவர் இறந்துவிட்டதாகப் பதினான்கு மியூசியங்கள் சொல்கின்றன, இல்லை என்பது அவர் ஒருவர்தான் என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள். தகவலை முதலில் எழுதியது பக்கத்து வேலப்பன்சாவடி கல்லூரி மியூசியம். அவர்களே ஐந்து மணிக்குள் திருத்தினால் பரிசீலிப்பார்களாம்.

எத்திராஜ் போலீஸுக்கு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் சம்பத்துக்கு ஏமாற்றம். ரத்தம் இல்லை, கைரேகை இல்லை, கத்திகூட இல்லை. செத்தவரே எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். இருந்தாலும் மூளை வேலை செய்தது. ஓவியர் செத்தால் படத்தின் விலை ஏறும். ஏறினால் யாருக்கு லாபம்? பார்த்தசாரதி!

"உயிரோட இருக்கீங்கன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும் சார்," என்றார் சம்பத். "பொண்டாட்டியைக் கூட்டிக்கினு வாங்க. அதைவிடப் பெரிய சாட்சி ஏது?"

ஜீப் சீறிப் பாய்ந்தது...!

பொய். மெட்ரோ வேலை நடக்கிறது. ஜீப் ஊர்ந்தது. ஒரு தள்ளுவண்டி முந்திக்கொண்டு போனது. பின்சீட்டில் ராஜகுமாரி வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கல்லூரி வாசலில் இறங்கியதும், நீங்கள் போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்றாள்.

கல்லூரி மியூசியத்தில் ஏசி இருந்தது. கம்ப்யூட்டர் முன் கனிமொழி இருந்தாள். வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

சம்பத் ஒரு தந்திரம் செய்தார். எத்திராஜை வாயை மூடிக்கொண்டு பின்னால் நிற்கச் சொன்னார். என் கதையில் போலீஸ் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான்.

"ஓவியர் எத்திராஜ் செத்துட்டாருன்னு எழுதினது யாரும்மா?"

"நான்தான் சார்," என்றாள் கனிமொழி. "முன்னாடி ஒவ்வொரு மியூசியமும் தனித்தனியா தகவல் வெச்சிருக்கும். இப்ப எல்லாத்தையும் இணைச்சாச்சு. யாரு வேணாலும் படிக்கலாம், எடுத்துக்கலாம். அவர் இந்த ஊர்க்காரர்ங்கறதால அவரைப் பத்தி நாங்க எழுதறதைத்தான் மத்தவங்க எடுத்துக்குவாங்க. இங்க ஒரு வரி மாத்தினா மத்த பதிமூணு மியூசியத்திலயும் தானா மாறிடும்."

அதாவது, பதினான்கு பேர் சொன்னதாக ஐரோப்பா நம்பியது ஒரே ஒருத்தி தட்டியதை!

"செத்துட்டாருன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நேத்து ஒருத்தங்க நேர்ல வந்து சொன்னாங்க."

"டெத் சர்ட்டிபிகேட் கேட்டீங்களா?"

கனிமொழி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சாவு சொல்ல வந்தவங்ககிட்ட எப்படி சார் சர்ட்டிபிகேட் கேக்கறது? தண்ணி குடுத்தேன். தாங்க முடியாம அழுதுட்டாங்க... இல்ல சார், அழுதது நான்."

"ஆளு குட்டையா, கண்ணாடி போட்டுக்கினு..." சம்பத் பார்த்தசாரதியை வர்ணிக்க ஆரம்பித்தார்.

கதவு கிறீச்சிட்டது.

ராஜகுமாரி!

கனிமொழி பதறி எழுந்து கை கூப்பினாள்.

"வாங்கம்மா. காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

எத்திராஜின் முகம் வெளுத்தது. சம்பத் தொப்பியைக் கழற்றினார்.

"பாவம் சார், எத்திராஜ் சாரோட வீட்டுக்காரம்மா," என்று கனிமொழி அறிமுகம் செய்து வைத்தாள். பிறகு எத்திராஜைக் காட்டி, "சார் யாரு?" என்றாள்.

"பாடி," என்றார் சம்பத்.

எத்திராஜ் மனைவி பக்கம் திரும்பினார். "குமாரி... நீயா? ஏன்?"

"நான்தான். இன்னா இப்போ?" ராஜகுமாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பஸ் ஸ்டாண்டுல கால் கடுக்க நின்னு பாத்து, ஊட்டுக்கு வந்து வரைஞ்சது யாரு? நானு. பொம்பள பேரு போட்டா விலை போவாதுன்னு சொல்லி, கையெழுத்து மட்டும் நீங்க போட்டீங்க. வருஷா வருஷம் கேட்டேன். அடுத்த படத்துல பாக்கலாம்னீங்க."

சம்பத்தின் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"இவரு உயிரோட கீற வரிக்கும் இவருதான் சார் ஓவியரு. நான் சொன்னா யாரு நம்புவாங்க? செத்தப்புறமும் படம் வந்துகினே இருந்தா... அப்பவாச்சும் வரையறது யாருன்னு ஒருத்தர் கேப்பாங்க இல்ல?"

நானே பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். க்ரைம் எழுதுகிறவனுக்கு இது நல்லதல்ல.

சம்பத் ஒரு பேப்பரையும் பென்சிலையும் நகர்த்தினார். "சார், ஒரு காக்கா வரைங்க."

எத்திராஜ் வரைந்தார். வியர்வையைத் துடைத்தார். அழித்தார். மறுபடி வரைந்தார்.

"கத்திரிக்காய் நல்லா இருக்கு சார்," என்றாள் கனிமொழி, உண்மையான மரியாதையுடன்.

எத்திராஜ் பென்சிலை வைத்தார். மணி நாலைத் தாண்டியிருந்தது. கனிமொழி ஒரு வரி தட்டினால் போதும். உயிர் வந்துவிடும். விருதும் வந்துவிடும். மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

அவர் மனைவியைப் பார்த்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"இத்தினி வருஷமும் உன் பேரையே தின்னுட்டு இருந்திருக்கேன், குமாரி," என்றார். பிறகு கனிமொழியிடம், "நான் செத்தது செத்ததாவே இருக்கட்டும்மா. வரைஞ்சது யாருன்ற எடத்துல மட்டும் இவ பேரைப் போடு."

கனிமொழி தட்டினாள். பதினான்கு மியூசியங்களும் மறுபேச்சு பேசாமல் ஒப்புக்கொண்டன!

கொஞ்ச நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து மெயில். ஐந்து மணிக்கு வீடியோவில் வந்து, எல்லோரும் பார்க்க ஒரு படம் வரைந்து காட்ட முடியுமா என்று ராஜகுமாரியைக் கேட்டிருந்தார்கள்.

"அப்ப என் கேஸ்?" என்றார் சம்பத் பரிதாபமாக.

ராஜகுமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

"இங்க நேரமாவும். நீங்க ஊட்டுக்குப் போய் ஒல வைங்க," என்றாள் கணவரிடம். "செத்தவங்க சமைக்கக் கூடாதுன்னு எந்த மியூசியத்துலயும் எழுதல."