காஞ்சனாவின் போட்டான் கணக்கு

திருத்தணி ரயில் நிலையத்துக்கு எதிர்த்தெருவில் இருந்தது, ஓய்வுபெற்ற கையெழுத்து நிபுணர் அனுராதாவின் வீடு. காஞ்சனா அங்கே வந்தபோது அவள் கையில் ஒரு நீல நோட்டு இருந்தது.

"புரோட்டானும் புரோட்டானும் வேகமா மோதினா எத்தனை போட்டான், அதாவது ஒளித்துகள், வெளிய வரும்னு கணக்கு போட்டிருக்கேன் மேடம். ரெண்டு வருஷ உழைப்பு. கூட ஆராய்ச்சி பண்ற ராஜகோபால் அதைத் தன்னோடதுன்றாரு. அவர் நோட்டுல எனக்கு ஒரு மாசம் முந்தின தேதி இருக்குதாம். நாளைக்குள்ள நிரூபிக்கலன்னா வெள்ளிக்கிழமை கருத்தரங்குல அவரே பேசிடுவாரு, எல்லாம் போச்சு."

"தேதியை அப்புறமா எழுதியிருப்பான்! மையைப் பரிசோதிச்சுடலாம்ங்க," என்று துள்ளினார் உதவியாளர் துளசிங்கம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர்.

"அதுக்கு ஒரு மாசம் ஆகும்." அனுராதா நோட்டைப் புரட்டினார். கிரேக்க எழுத்துகளுக்கு நடுவே ஒரு தமிழ் எழுத்து. "இந்த 'ட' என்னம்மா?"

"மோதல்ல நேரா பொறக்கற போட்டானையும், அப்புறம் குவார்க்குங்கற சின்னத் துகள்ல இருந்து பிரிஞ்சு வர்றதையும் தனித்தனியா எண்ணணும். நடுவுல ஒரு வேலி வேணும். பார்க்க வேலி மாதிரி இருக்கறதால 'ட' போட்டேன்."

அனுராதா அழைத்தபடி, மறுநாள் காலை இருவரின் ஆராய்ச்சியையும் வழிநடத்தும் பேராசிரியர் சுந்தரமூர்த்தி முதலில் வந்தார். பின்னால் வந்த ராஜகோபால், வாசலில் தமிழில் பெயர்ப்பலகை இருந்தும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். "டெல்லியில வளர்ந்தவன். தமிழ் பேசுவேன், படிக்க வராது," என்று சிரித்தார்.

அனுராதா அவருடைய நோட்டைத் திறந்தார். "இந்தப் பக்கத்துல 'எல்'னு எழுதியிருக்கீங்களே, அது என்ன?"

"லாகரிதம். எங்க துறையில வழக்கம்தான்."

"எதனோட லாகரிதம்?"

ராஜகோபால் நோட்டைத் தன் பக்கம் திருப்பி வரிகளில் விரலை ஓட்டினார். பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "இந்த இடத்துல லாகரிதம் வந்தா சமன்பாடே நிக்காதே!"

அனுராதா நீல நோட்டைப் பக்கத்தில் வைத்தார். "இது ஆங்கில எல் இல்லைங்க, தமிழ் 'ட'. காஞ்சனா வேலின்னு நினைச்சுப் போட்டது. படிக்கத் தெரியாதவர் வடிவத்தைப் பார்த்து எல்லுன்னு நினைச்சு எழுதியிருக்கார். கணக்கைப் போட்டவருக்குத் தன் குறியோட அர்த்தம் தெரியாமப் போகுமா?"

ராஜகோபால் தலைகுனிந்தார். "காஞ்சனாவோட நோட்டு மேஜையில இருந்தது. செல்போன்ல படம் எடுத்துட்டேன்."

"வெள்ளிக்கிழமை கருத்தரங்குல நீதான் பேசறம்மா," என்றார் பேராசிரியர்.

காஞ்சனா அப்பாவுக்குப் போன் செய்தாள். தணிகைமணி அரக்கோணத்தில் தண்டவாளப் பராமரிப்பு வேலை செய்பவர்.

"வெள்ளிக்கிழமை டூட்டிக்கு லீவு சொல்லிடறேன். முன்வரிசையில உக்காந்துகினு கேக்கறேன்."

"அது உனக்குப் புரியாதே நைனா."

"ஆங், புரியாது. யார் யாருக்குப் புரியுதுன்னு அவங்க மூஞ்சியப் பாத்துகினு இருப்பேன்."