மாட்டுச்சட்டை

சவரிமுத்துவுக்கு வலத்தோள் எரிந்தது. சோற்றுருண்டையை வாய்க்குக் கொண்டுபோக இடக்கையைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

எரியவே கூடாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் சுமை இழுக்கிறவர்கள் எல்லாரும் மாட்டுச்சட்டை போட்டிருந்தார்கள். அது மாட்டின் தசை இறுக்கத்தை மனித உடம்புக்குள் ஏற்றும். போட்டவன் மாடு மாதிரி அலுக்காமல் இழுப்பான். அளந்து பார்க்க உழைக்கிற மாடு உலகத்தில் மிஞ்சவில்லை. அதனால், பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கைக்காட்சி ஓவியங்களுக்காக முதலில் வரைந்து பார்த்த பென்சில் படங்களைத் தேடிப் பிடித்தார்கள். கோடு எங்கே அழுந்தியிருக்கிறது என்று படித்து, தசை எங்கே இறுகியது என்று சொன்னது கோட்டுமானி என்கிற எந்திரம். மரம் இழுக்கும் ஒரு காளைப் படத்திலிருந்து பிறந்தது சட்டை.

வலி என்கிறவன் வேலைக்குக் கள்ளன் என்றார் மேலாளர் கோமதிநாயகம். சாயங்காலத்துக்குள் நிரூபிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவாராம்.

சட்டைகளைப் பழுதுபார்க்கும் ரஞ்சிதம், எந்த இடம் என்று கேட்டாள்.

“மாட்டுக்கு நுகம் பிடரியிலல்லா இருக்கும், யக்கா. எனக்கு ஒத்தத் தோள்ல அறுக்கு. கயித்தப் போட்டு இழுத்த மாரி.”

அவள் மூலப் படத்தைக் கோட்டுமானியில் வைத்தாள். மேலே தெரிந்த பென்சில் கரியை நீக்கிவிட்டு, தாளில் அழுந்திய தடத்தை மட்டும் திரையில் ஏற்றினாள்.

கொம்பு போயிற்று. திமில் போயிற்று. குளம்பு இருந்த இடத்தில் ஐந்து விரல்கள் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தன. விலா எலும்பு தெரிகிற ஓர் ஆள். வலத்தோளில் கயிறு. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே அவன் அழகாக இல்லை என்று பட்டிருக்கும். வரைந்தவர் அவனை அழித்து, மேலே காளையை நிறுத்திவிட்டார். அழித்தாலும் தடம் போகவில்லை. எந்திரம் படித்தது தடத்தைத்தான்.

சவரிமுத்து சட்டையைக் கழற்றித் தரையில் வைத்தான். செத்த உடம்பை வைக்கிற மாதிரி வைத்தான்.

கோமதிநாயகமும் வந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. வெளியே போய்த் தலைமையகத்தோடு பேசினார். சட்டையை நிறுத்திவிடுவார்கள் என்று இருவரும் நம்பினார்கள்.

திரும்பி வந்தவர் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. “வலி நெசந்தாம்ல. ஒம் பேர அடிக்கல.” சுமைக் கணக்கேட்டைத் திறந்தார். “நாளையிலேந்து சுமை ரெட்டிப்பு. மனுச ஒடம்பு தாங்காதேன்னுதான் இத்தன நாளு கொறச்சு வச்சிருந்தோம். மனுசனே இழுத்திருக்கானே, அப்புறம் என்னன்னு தலைமையகத்துல கேக்காவ.”

சவரிமுத்து சட்டையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான். வீட்டில் அடுப்பெரிய வேண்டும்.

படத்தில் இருந்தவனின் பெயர் எங்கும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சட்டைக்குள்ளும் அவன்தான் இழுத்துக்கொண்டிருக்கிறான். அத்தனை நாளுக்கும் அவனுக்குக் கூலி பாக்கி.