சூடு ஆறாத புரொஜெக்டர்

பல்பு போய் இரண்டு நாளாகியும் புரொஜெக்டரின் சூடு ஆறவில்லை. மாடியறையைப் பெருக்க வந்த நாகஜோதி, பின்சுவரில் தோளுயரத்தில் அடித்திருந்த பலகையைத் துடைக்கும்போது அந்த வெள்ளைப் பெட்டியின் மேல் கை பட்டதும் இழுத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி அணைந்த பிறகு மிச்சமிருக்கும் காய்ந்த சூடு இல்லை அது. காய்ச்சல்காரரின் கழுத்தில் கை வைத்தால் உள்ளங்கையில் ஒட்டுமே, அந்த ஈரச் சூடு. பிளக்கைப் பார்த்தாள். பிடுங்கிப் போட்டபடியே சுவரோரம் கிடந்தது.

கையை முகர்ந்தாள். ஆட்டுக் கொழுப்பை உருக்கிய சட்டியைக் கழுவாமல் மூடிபோட்டு மறந்துவிட்டால் வரும் வாடை. அதற்கு அடியில் லேசான ஒரு தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் அவளைக் கீழே கொல்லைக்கு ஓட வைத்தது. சோப்பு போட்டாள், புளி போட்டுத் தேய்த்தாள், கடைசியில் சாம்பலும் போட்டாள். இரவு சோற்றில் கை வைக்கும்போது வாடை திரும்ப வந்தது.

அவள் முகம் சுளிக்கிற ஜாதியில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவள். கிடா வெட்டினால் குடலைத் திருப்பிப் போட்டுக் கழுவுவது சிறுவயதிலிருந்தே அவள் வேலை. ஆனால் இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். மீன்குழம்பு கொதித்தாலே எழுந்து ஓடுகிறவளின் மூக்கை யார் நம்புவார்கள்? தர்மராஜ் நம்பவில்லை. பிள்ளை பிறக்கிறவரைக்கும் உனக்கு ரோஜாப்பூகூட நாறத்தான் செய்யும் என்று கடைவாய்ப் பல்லின் வெள்ளியடைப்பு தெரியச் சிரித்தான்.

தர்மராஜ் அவளுடைய அத்தை மகன், அவளைக் கட்டியவன். வாலிநோக்கத்தில் உப்பளம் எடுத்து நடத்துகிறான். பகல் முழுக்க உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசி வருகிறவனுக்கு இருட்டு வேண்டியிருந்தது. அதற்காகவே மாடியில் ஓர் அறையை எடுத்துச் சுவரெல்லாம் கறுப்படித்து, வெளிச்சம் நுழையாத தடித்த திரைச்சீலை போட்டு, காலை நீட்டிச் சாயும் நாற்காலிகள் இரண்டு வாங்கிப் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை படம் பாதியில் இருக்கும்போது, பெட்டிக்குள் ஈரமாக எதுவோ உடைந்ததுபோல் ஒரு சத்தம். திரை அணைந்தது. சிவப்புப் பொட்டு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது.

ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கும் இமானுவேல் புதுப் பல்பைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். போனில் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: பல்பின் கண்ணாடியில் விரல் படவே கூடாது, கையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் சூட்டில் விரிசல் விட்டுவிடும். தர்மராஜ் சரி சரி என்றபடி பெட்டியை இறக்கித் தரையில் வைத்தான். அவள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

திருகைக் கழற்றியதும் மூடி சுலபமாக வரவில்லை. நெம்பினான். வாயில் போட்ட மிட்டாயை உறிஞ்சி எடுப்பதுபோல் ஒரு சத்தத்தோடு வந்தது. உள்ளே தூசி இருக்கும், கருகிய கண்ணாடி இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். உறைந்த கொழுப்பு இருந்தது. மஞ்சளாக, பல்பைச் சுற்றி, மூலைகளில் கட்டிகட்டியாக, காற்றாடியின் இலைகளில் நூல்நூலாக. பல்பின் விரிசலிலிருந்து இன்னும் மெதுவாகக் கசிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் அதன் மேல்தோல் சுருங்கியதாக அவளுக்குத் தோன்றியது. தான் பிடித்திருக்கும் வெளிச்சம் ஆடுவதால் அப்படித் தெரிகிறது என்று உடனே நினைத்துக்கொண்டாள்.

தர்மராஜ் வெறும் விரலை விட்டு ஒரு வழி வழித்தான். தூசி உருகியிருக்கும் என்றான். பாத்தியில் தண்ணீரின் பதம் பார்க்க விரலில் தொட்டு நாக்கில் வைப்பது உப்பளக்காரர்களின் பழக்கம். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. அவனும் யோசிக்கவில்லை. விரல் நாக்குக்குப் போனது.

"மாமா, துப்புங்க," என்றாள்.

"எதை?" என்று அவளைப் பார்த்தான். உண்மையாகவே தெரியாமல் கேட்டான். கேட்டுக்கொண்டே விழுங்கினான், தொண்டைக்குழி ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள்.

படியில் பாதி இறங்குவதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிட்டது.

புதுப் பல்பு போட்ட பிறகு படம் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறதென்று அவன் குதித்தான். அவன் கூப்பிட்டதற்காக ஒருநாள் மத்தியானம் போய் உட்கார்ந்தாள். திரையில் வருகிறவர்களின் முகமெல்லாம் ஈரமாக இருந்தது. வெயிலில் நடக்கிறவர்கள், கல்யாணப் பந்தலில் நிற்கிறவர்கள், மழையே இல்லாத தெருவில் போகிறவர்கள், எல்லோர் உதட்டிலும் ஒரு பளபளப்பு. வானம் நீலமாக இல்லை. ஈறு நிறத்தில் இருந்தது. திரையின் இடது மூலையில் அகலமான ஏதோ ஒரு நிழல் மேலேறுவதும், வளைவதும், இறங்குவதுமாக இருந்தது. லென்ஸில் பூச்சி ஒட்டியிருக்கிறதோ என்று கேட்டாள். தர்மராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த நிழல் அசைகிற வேகத்தில் அவன் கன்னத்துக்குள் நாக்கு அசைந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் அவள் அந்த அறைக்குப் போகவில்லை.

அவன்தான் அங்கிருந்து இறங்கவில்லை. அளத்துக்குப் போவதைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான். தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. பேசினால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினான். என்ன என்று கேட்டால் பல்வலி என்றான். ராமநாதபுரம் போய்க் காட்டுவோம் என்றால் தலையாட்டிவிட்டு மாடியேறினான். தலையணை உறையில் மஞ்சள் கறை. துவைத்துக் காயப்போட்டாள், வெயிலில் காய்ந்த பிறகும் அந்த இடம் மட்டும் பிசுபிசுத்தது. கூடத்தில் பாய் விரித்துத் தனியாகப் படுக்க ஆரம்பித்தாள். மாடியறைக் கதவின் அடியிடுக்கில் ஈக்கள் வந்து உட்கார்ந்தன. முதலில் நாலைந்து. பிறகு கறுப்பாக ஒரு கோடு.

இது தன் வயிற்றுக் கோளாறு, மசக்கை, வேறொன்றுமில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எத்தனை தடவை படியடிவரைக்கும் போய்த் திரும்பினாளோ தெரியாது.

இருளாண்டி வந்த அன்றுதான் அந்தச் சமாதானம் உடைந்தது. தர்மராஜின் அளத்தில் வேலையாட்களைப் பார்த்துக்கொள்கிற பெரியவர். தெற்கே மேகம் கூடுகிறது, அள்ளிக் குவித்த உப்பை ஓலைபோட்டு மூட ஆள் விடவேண்டும், தம்பி போனை எடுப்பதில்லை என்று சொல்ல வந்திருந்தார். மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு இறங்கியவர் வாசலில் நின்று தோள் துண்டால் மூக்கைத் துடைத்தார். போக மனமில்லாமல் நின்றார்.

"தம்பிக்கு வாயில எதுவும் புண்ணா தாயி? மீன் உரம் அள்ளுன கையிது. எனக்கே கொமட்டிருச்சு."

நாகஜோதிக்கு அழுகை முட்டியது. பயத்தால் அல்ல. இன்னொரு மூக்குக்கும் அது நாறுகிறது என்ற ஆறுதல். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் பாதியில் நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, முதலில் தம்பியை அளத்துக்குக் கூட்டிப்போய் வெளிக்காற்றில் நிறுத்துகிறேன், அங்கிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றார். நீ உங்க அய்யாவுக்குப் போன் போடு என்றும் சொன்னார். மறுபடி மாடிக்குப் போய் வெகுநேரம் பேசினார். இறங்கி வருகிற காலடிகளைச் சமையலறையிலிருந்து கேட்டாள். வாசலில் மோட்டார் சைக்கிள் கிளம்பித் தெருமுனையில் தேய்ந்தது.

ஊரிலிருக்கும் தகப்பனுக்குப் போன் போட்டாள். சாயங்காலத்துக்குள் வாரேன், அதுவரைக்கும் பக்கத்து வீட்டில் இரு என்றார் அவர். சரியென்றாள். ஆனால் அந்தப் பெட்டி வீட்டில் இருக்கும்போது அவனைக் குணமாக்கிக் கூட்டிவந்து என்ன பயன் என்று நினைத்தாள். உப்பளத்துக் கழிவு வாய்க்கால் வீட்டுக்குப் பின்னால்தான். கொண்டுபோய்ப் போட்டால் தீர்ந்தது. இரண்டு கையிலும் பாலித்தீன் பையை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

கதவைத் தள்ளியதும் ஈக்கள் எழுந்து முகத்தில் மோதின. கறுப்புச் சுவர், கறுப்புத் திரைச்சீலை, உச்சிப் பகலிலும் அடைத்த இருட்டு. வாசலிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் பெட்டியை எட்டித் தூக்கினாள். கனத்தது. முன்பு இவ்வளவு கனம் இல்லை. பக்கவாட்டு மூடி திருகில்லாமல் சும்மா செருகியிருந்தது. தூக்கிய சாய்வில் அது விலகித் தரையில் விழுந்தது.

உள்ளே பல்பு இல்லை.

கொழுப்பும் இல்லை. பல்பு உட்கார்ந்திருந்த குழி சிவப்பாக, வழவழப்பாக, ஈரமாக இருந்தது. பாலித்தீன் வழியாகவே அதன் சூடு தெரிந்தது. குழியின் அடியில், பல்பைப் பொருத்தும் இடத்தில், வெள்ளையாக ஒன்று ஊன்றி நின்றது. குனிந்து பார்த்தாள். கடைவாய்ப் பல். வேரோடு. பக்கத்தில் இன்னொன்று. அதில் வெள்ளியடைப்பு.

அந்த அடைப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

பெட்டி கையிலிருந்து நழுவவில்லை. பை அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. குழி பையை மெதுவாக உள்ளே இழுத்தது. விரலோடு. பிடுங்கினாள். ரப்பர் பேண்டு அறுந்தது. பை போய்விட்டது. கை வந்துவிட்டது.

நாற்காலி கிறீச்சிட்டது.

வண்டிச் சத்தம் கேட்டதுதான். காலடிச் சத்தமும் கேட்டதுதான். அவன் வண்டியில் ஏறிப் போனதை அவள் கண்ணால் பார்க்கவில்லை.

திரையைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியின் முதுகுக்கு மேலே ஒரு தலை.

"ஜோதி." வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல். "அதை அங்கனயே வை."

கதவுக்குப் போக அந்த நாற்காலியைத் தாண்டவேண்டியதில்லை. கதவு பின்னால்தான். ஆனால் கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இருட்டுதான் இவனைப் பிடித்திருக்கிறது, வெளிச்சம் வந்தால் போதும் என்று எதுவோ அவளுக்குள் கத்தியது. பெட்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். இரண்டு கையாலும் திரைச்சீலையைப் பிடித்து இழுத்தாள். கம்பியோடு பெயர்ந்து விழுந்தது. வெயில் பாய்ந்தது. வெளியே அளம் முழுக்க உப்புக் குவியல்கள், கண்ணைக் குத்தும் வெள்ளை. அறையில் ஒரு மூலை பாக்கியில்லாமல் வெளிச்சம்.

அவன் எழுந்து திரும்பினான்.

துண்டு இல்லை. உதடு இரண்டு பக்கமும் கிழிந்து, கிழிந்த இடம் ஆறி, தடித்திருந்தது. வாயைத் திறந்தான். இன்னும் திறந்தான். தாடை மார்பைத் தொட்டது. உள்ளே பல் ஒன்றுமில்லை. ஈறு வீங்கிச் சுற்றிலும் வளர்ந்திருந்தது; நடுவில், தொண்டையை அடைத்துக்கொண்டு, பல்பின் கண்ணாடி. எச்சில் நூல்நூலாக அதன்மேல் தொங்கியது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் நூல்கள் ஆடின.

"மாமா," என்றாள்.

கண்ணாடி மினுங்கியது. மங்கியது. பிடித்துக்கொண்டது.

வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. முகத்தில் இல்லை. நெஞ்சில் இல்லை. வெளிர்நிறப் புடவை இழுத்துக் கட்டிய வயிற்றில். வட்டமாக. வெதுவெதுப்பாக. முதலில் கலங்கலாக இருந்தது. அவன் கழுத்தைச் சற்று முன்னால் நீட்டினான். தெளிந்தது.

சின்ன வாய். சிவப்பு. நகத்தளவு நாக்கு. திறந்தது. மூடியது. மென்றது. அவன் தாடை அசைகிற அதே வேகத்தில்.

கையால் வயிற்றை மறைத்தாள். படம் புறங்கையில் ஏறிக்கொண்டு மென்றது.

வெயில் அறை முழுக்க நிறைந்திருந்தது. படம் மங்கவில்லை.